அழிக்காமல் மாற்றுவது

பழைய கையடக்க வீடியோ கேம்களைப் பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் எல்லாரும் என்றாவது ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கேம்பாய் கேட்ரிட்ஜ். 1999-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் கோல்டு என்று வைத்துக்கொள்வோம். அதைச் செருகி ஆன் செய்தால், முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒரு குழந்தை சேமித்த ஆட்டம் திரையில் வருகிறது. அந்தக் குழந்தை தனக்கு இட்டுக்கொண்ட பெயரும் எத்தனை மணி நேரம் ஆடியது என்ற கணக்கும் அப்படியே இருக்கின்றன. இவற்றைக் காத்து வருவது கேட்ரிட்ஜுக்குள் ஈயப்பற்று வைத்து இணைத்த, காசு போன்ற ஒரு 3 வோல்ட் செல். இந்தக் கேட்ரிட்ஜில் ஒரு கடிகாரமும் சேர்ந்து ஓடுவதால் செல் சீக்கிரமே தீரும். தீர்ந்த பிறகு புதிதாக எதையும் சேமித்து வைக்க முடியாது. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பழைய செல்லைக் கழற்றியதும் அந்தப் பெயர் போய்விடும். பொருளைப் பிழைக்க வைக்கிற அதே கை, அது சுமந்து வந்ததைத் துடைத்துவிடுகிறது. சின்ன விஷயம்தான். ஆனால் பழையதைப் புதுக்குவது பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தச் செல்லில்தான் போய் நிற்கிறது.

கேம்பாய் 1989-இல் வந்தது. அதை உருவாக்கிய அணிக்குத் தலைமை தாங்கிய குன்பெய் யோக்கோய், பழகிப்போய் விலை குறைந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்துவதையே தன் கொள்கையாகக் கொண்டிருந்தார். அதனால்தான் நான்கே சாயல்கள் காட்டும், வெளிச்சமே இல்லாத பச்சைத் திரை. அதனால்தான் நான்கு சின்ன செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். மறு வருடம் சேகா நிறுவனம் விளக்கு எரியும் வண்ணத் திரையோடு கேம் கியரைக் கொண்டுவந்தது. அது ஆறு செல்லைத் தின்று மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அணைந்தது. இன்றைய ஆர்வலர்கள் கேம்பாயின் பழைய திரையைக் கழற்றிவிட்டுப் பளிச்சென்ற ஐ.பி.எஸ். திரையைப் பொருத்துகிறார்கள். படம் அழகாகத் தெரிகிறது. செல் வேகமாகத் தீர்கிறது. யோக்கோய் யோசித்துச் செய்த சமரசத்தை நாம் திருத்தி எழுதுகிறோம். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று செய்வதில் தவறில்லை. ஆனால் அந்த மங்கலான திரை ஒரு குறையாக வந்து சேர்ந்ததல்ல, ஒரு முடிவின் விளைவு என்பதைத் தெரிந்துகொண்டு மாற்றுவது வேறு, தெரியாமல் மாற்றுவது வேறு.

அப்படியானால் எதையும் தொடாமல் விட்டுவிடுவதே மரியாதை என்று ஒரு தரப்பு சொல்லும். அந்தத் தூய்மைவாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கேம் கியரின் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்கில் கசிந்து போர்டின் தாமிரத் தடங்களை அரிக்கின்றன. பேட்டரி அறையில் மறந்துபோன செல் பூத்து, ஸ்பிரிங்கைத் தின்றுவிடுகிறது. கேம்பாய் திரையில் விழும் செங்குத்துக் கோடுகளுக்குக் காரணம், கண்ணாடியின் அடி விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டையின் பிடி தளர்வது. சால்டரிங் அயர்னின் சூட்டைப் பதமாக அதன் மேல் ஓட்டினால் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். தொடாமல் வைத்தால் கோடுகள்தான் பெருகும். கை வைக்காமல் இருப்பதும் ஒரு செயல்தான். அதற்கும் விளைவு உண்டு. எனவே கேள்வி மாற்றலாமா கூடாதா என்பதல்ல. எப்படி மாற்றினால் முன்பு இருந்தது தொலையாமல் இருக்கும் என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் இருப்பவர்கள் வெளியே போய் விடை தேட வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டுக்குரியது, மற்றது 921-க்குரியது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை முதல் கல்வெட்டு சொல்கிறது. இரண்டே வருடத்தில் அந்த விதிகளில் ஓட்டை தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது கல்வெட்டு அவற்றைத் திருத்துகிறது. முப்பதிலிருந்து அறுபது வரை என்று இருந்த வயது வரம்பு முப்பத்தைந்திலிருந்து எழுபதாகிறது. கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களது உறவினர்களையும் விலக்கும் பட்டியல் விரிகிறது. பள்ளிப் பாடத்தில் இதைத் தேர்தலின் பெருமையாகவே படிக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: திருத்தியவர்கள் பழைய எழுத்தைச் செதுக்கி எடுத்துவிடவில்லை. இரண்டும் சுவரில் இருக்கின்றன. அதனால்தான் ஆயிரம் வருடம் கழித்தும், என்ன மாறியது என்று நம்மால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அந்தச் சபை பிராமணர்களின் ஊர்ச்சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம். அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசக் கூடாது. ஆனால் அந்த வரம்புகளை நாம் இன்று குறை சொல்ல முடிவதும் அவர்கள் எழுதியது அழியாமல் இருப்பதால்தான். அதே ஊரில் ஏரி வாரியம் இருந்தது. பல்லவர் காலத்து வயிரமேக தடாகத்தைத் தூர்வாரக் கொடுத்த கொடைகளைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. வெட்டியதோடு ஏரி முடிந்துவிடுவதில்லை, வண்டல் ஒவ்வொரு மழைக்கும் வரும் என்று அறிந்தவர்கள் பராமரிப்புக்கென்றே ஒரு குழு வைத்தார்கள். தூர்வாருகையில் வண்டல் போக வேண்டும், கரை நிற்க வேண்டும். எது அள்ள வேண்டியது, எது இருக்க வேண்டியது என்று பிரித்தறிவதுதான் பராமரிப்பின் முழு அறிவும் என்று தோன்றுகிறது.

ஏரியையும் விளையாட்டுப் பொருளையும் ஒரே தட்டில் வைப்பதா, அந்த ஆட்டங்களெல்லாம் இன்று செல்போனிலேயே ஓடுகின்றனவே என்று கேட்கலாம். ஆட்டம் ஓடுகிறது, உண்மை. ஆனால் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு அதில் கிடைப்பதில்லை. நம் கிராமங்களுக்குக் கேம்பாய் வந்தது குறைவு. திருவிழாக் கடையில் தொங்கிய பிரிக் கேம்தான் தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைத் திறந்தால் போர்டின் நடுவில் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று இருக்கும். சிப்பு அதன் அடியில் மூடிக் கிடக்கும். அது போனால் போனதுதான். ஆனால் அழுத்தினால் வேலை செய்யாத பட்டனின் கார்பன் ரப்பரைத் துடைத்து, பென்சில் கரியைத் தேய்த்து ஓட வைக்கலாம். மலிவான பொருளிலும் கைக்கு எட்டும் இடம் ஒன்று இருந்தது. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடியது. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் கோடிக்கணக்கில் கைப்பேசிகளைப் பூட்டித் தந்தார்கள். இன்றும் அந்தப் பகுதியில் வேறு நிறுவனங்களுக்காகப் போன்கள் உருவாகின்றன. பசை போட்டு ஒட்டிய பேட்டரியும் தனிச் சாவி கேட்கும் திருகும் கொண்ட அவற்றை, பூட்டியவரே வீட்டில் திறக்கத் தயங்க வேண்டியிருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை இந்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. உரிமை வந்தாலும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கையைப் பழக்குவதற்குக் கெட்டாலும் பெரிய நஷ்டமில்லாத பழைய விளையாட்டுப் பொருளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. நம் ஊரில் பழுதுபார்ப்பது பிழைப்பு; மிக்ஸியும் மோட்டாரும் போனும் சரிசெய்து குடும்பம் நடத்துபவர்கள் இருக்கையில், அதைப் பொழுதுபோக்காக்கிக் கொண்டாடுவது வசதி உள்ளவர்களின் விளையாட்டு என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் கடை வைத்திருப்பவர் கூலிக்குக் கட்டுப்படியாகாத பொருளைத் தொட முடியாது. நூறு ரூபாய்ப் பொருளுக்கு மூன்று மணி நேரம் செலவிட்டால் அவர் வீட்டு அடுப்பு எரியாது. சந்தை கைவிட்ட பொருளுக்குக் கூலி எதிர்பாராத நேரம் ஒன்றுதான் கதி. பொழுதுபோக்காளர் தர முடிந்தது அதுதான். கடைக்காரரிடமிருந்து அவர் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கடைக்காரருக்குப் போட்டியாக அவர் வரவில்லை.

இவ்வளவு தூரம் எனக்குத் தெளிவாகவே இருக்கிறது. திரையை மாற்றுபவர் பழைய திரையைப் பத்திரமாக எடுத்துவைக்கட்டும். கூட்டை அறுக்காமல் பொருந்தும் வழியைத் தேடட்டும். திரும்பிப் போகும் பாதையை அடைக்காதவரை மாற்றம் தீங்கில்லை. செல் விஷயத்தில்தான் இந்த வாதம் தடுமாறுகிறது. சேமித்ததை முதலில் கணினியில் நகலெடுக்கலாம், அல்லது வெளியிலிருந்து 3 வோல்ட் கொடுத்துக்கொண்டே செல்லை மாற்றலாம் என்பார்கள். செய்ய முடியும், செய்யவும் வேண்டும். ஆனால் அடுத்து அந்தக் கேட்ரிட்ஜ் ஒரு குழந்தையின் கைக்குப் போனால், அது தன் ஆட்டத்தைத் தொடங்கிச் சேமிக்கும்போது பழைய பெயர் அழிந்துதான் ஆக வேண்டும். கோயில் சுவரில் இரண்டு கல்வெட்டுக்கு இடம் இருந்தது, இந்தச் சிப்பில் ஓர் ஆட்டத்துக்குத்தான் இடம். கணினியில் கிடக்கும் நகலைத் திறந்து பார்க்க யாரும் வராவிட்டால் அதைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியுமா? ஆடாமல் அலமாரியில் வைத்தால் பெயர் தங்கும், பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அது நின்றுபோகும். புதிதாக ஆட வருபவரின் பக்கமே என் மனம் சற்றுச் சாய்கிறது. ஆனால் முன்பு வைத்திருந்தவரைக் கேட்க வழியில்லாதபோது அவர் சார்பிலும் நானே பதில் சொல்லிவிடுவது நியாயம்தானா என்பதில் எனக்கு இன்னும் உறுதி வரவில்லை.