எல்லைக்கல்லும் அடிநீரும்

எந்த நற்கருமத்தைத் தொடங்கினாலும் முதலிற் பிள்ளையார் பிடித்து வைப்பது எமது வழக்கம். அதற்குப் பொன்னும் வேண்டாம், கருங்கல்லும் வேண்டாம். ஒரு பிடி சாணமோ மஞ்சளோ மண்ணோ போதும். தலையில் இரண்டு அறுகம்புல்லைச் செருகியதும் எம்பெருமான் அங்கே எழுந்தருளிவிடுகிறார். பூசை முடிந்தபின் அந்தப் பிள்ளையார் மரத்தடியிலோ நீரிலோ சேர்ந்து மீண்டும் மண்ணாகிவிடுவார். மண்ணை இறைவன் உறையும் இடமாகக் காண்பதற்கு இதைவிட எளிய பாடம் வேறில்லை.

ஆனால் வீட்டுக்குத் திரும்பியதும் அதே மண்ணை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? அடியேனும் இதில் விதிவிலக்கல்லன். சில ஆண்டுகளுக்கு முன் எமது முற்றம் முழுவதற்கும் சீமெந்து இட்டோம். கூட்டுவது சுலபம் என்பதே காரணம். அடுத்து வந்த மாரியில் முற்றத்து வெள்ளம் முழுவதும் படலையால் ஒழுங்கைக்குப் பாய்ந்து, அயல்வீட்டு அம்மாவின் குசினி வாசல்வரை சென்றது. அவர் எம்முடன் சண்டைக்கு வரவில்லை. “தம்பி, முந்தி இந்தத் தண்ணி எங்கை போனது?” என்று மட்டும் கேட்டார். அதற்கு விடை தேடியதன் விளைவே இக் கட்டுரை.

உறுதி சொல்வது என்ன?

“என்ரை காணிக்குள்ளை நான் என்னவும் செய்வன்” என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகின்றோம். காணி உறுதியும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு எல்லைகளைச் சொல்லி, அவற்றுள் அடங்கியவை யாவும் இன்னாருக்குச் சொந்தம் என்கிறது. ஆயினும் அதே பழைய உறுதிகளிற் பலவற்றில் கிணற்றிற் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். மண்ணைப் பிரிக்கலாம், நீரை அவ்வாறு பிரித்துவிட முடியாது என்பதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரிமழையே எமது பெருஞ்செல்வம். அது மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அதன் அடியிலே கடல்நீர் இருக்கின்றது. உவர்நீரிலும் பாரம் குறைந்த நன்னீர், அதன்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயாகும். கடல்மட்டத்துக்குமேல் நிற்கும் நன்னீர் ஓர் அடி குறையுமானால், காலப்போக்கில் அடியிலிருந்து ஏறத்தாழ நாற்பது அடி உயரத்துக்கு உவர்நீர் மேலெழும் என்பது நீரியல் அறிஞர் கண்ட கணக்கு.

ஆகவே எல்லைக்கல் ஓரிரண்டு அடி ஆழத்துக்கே செல்லும். அதற்குக் கீழே அயலவன் என்றும் நான் என்றும் இல்லை. நான் அளவுக்கு மீறி இறைத்தால் அவரது கிணறு உவராகும். நான் அளவுக்கு மீறி யூரியா இட்டால் அது நைத்திரேற்றாக மாறி அவரது குடத்துக்குள் வரும். மலகூடக் குழியின் கசிவும் அவ்வாறே. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அந்த அளவைக் கடந்துள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். அவர்களின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது என்பதையும் தாய்மார் அறிந்திருத்தல் வேண்டும்.

சைவம் தரும் விடை

உயிர்கள் மலம் நீங்கிப் பக்குவம் அடையும்பொருட்டு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும் கொடுத்தருளினான் என்பது சைவ சித்தாந்தம். உடலும், கருவிகளும், வாழும் உலகும், நுகரும் பொருளும் நாம் உண்டாக்கியவை அல்ல. அவை பயன்படுத்தித் திரும்ப ஒப்படைப்பதற்கெனத் தரப்பட்டவை. எமது நாலு பரப்புக் காணியும் அந்தப் புவனத்தில் ஒரு துண்டே. ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கையே ஆணவத்தின் வேலை என்கிறோம். “என் காணி, என் கிணறு, என் விருப்பம்” என்னும் பேச்சு அந்த ஆணவத்தின் குரலன்றி வேறென்ன?

மேலும் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் சிவபெருமானின் அட்டமூர்த்தங்கள். மூலத்தானத்தில் நீரால் அபிடேகம் செய்துவிட்டு, நீராகவே நிற்கும் மூர்த்தத்தில் நஞ்சைக் கலப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு! திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாம் அதிகாரமாக வான்சிறப்பையே வைத்தார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். அயல்வீட்டுக் குழந்தைக்கு நோய் வந்தால் அது அதன் வினைப்பயன் அல்லவா? இவ்வாறு கேட்பது வினைக்கொள்கையைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். வினைக்கொள்கை எனது செயலை நான் சோதித்துப் பார்ப்பதற்காகத் தரப்பட்ட விளக்கு. பிறர் துன்பத்துக்குக் காரணம் கூறி நான் கைகழுவுவதற்காக அன்று. நான் இட்ட உரம் எனது வினை. அதற்கு நானே கடனாளி.

முன்னோர் வளவு

முன்னைய வளவுகளை நினைத்துப் பார்ப்போம். வேலியிலே பூவரசும் கிளுவையும் முள்முருக்கும். அவற்றின் குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் உதவின. உக்கிய வேலியோலை மண்ணிலே தாழ்க்கப்பட்டுப் பசளையாயிற்று. கிணற்றடித் தண்ணீர் வாய்க்காலால் வாழைக்கும் கமுகுக்கும் போயிற்று. கோடியிலே முருங்கையும் கறிவேப்பிலையும், வேலியிலே முசுட்டையும் குறிஞ்சாவும். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாக அமைந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யூரியாவே வடக்குக்கு வரத் தடையிருந்தபோது, எமது அடுப்பு எரிந்ததற்கு இந்த வளவுகளும் ஒரு காரணம்.

ஆயினும் முன்னோர் செய்ததெல்லாம் சரியென்று கூறுவதற்கில்லை. ஒரே அடிநீரையுடைய கிணறுகளில் ஒருசாரார் அள்ளக்கூடாது என்று தடுத்த காலமும் இருந்தது. மண்ணுக்குக் கீழே ஒன்றாக இருந்த நீரை மேலே சாதியால் பிரித்தார்கள். அவர்களின் வளவு அறிவைக் கைக்கொள்வோம். அந்த மனத்தைக் கைவிடுவோம்.

இந்த வளவு அறிவுக்கு நெருங்கிய ஒரு முறையை அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் பில் மொலிசன், டேவிட் ஹொல்ம்கிறன் ஆகிய இருவர் வகுத்து, 1978இல் நூலாக வெளியிட்டனர். ‘பேர்மாகல்ச்சர்’ என்பது அதன் பெயர். நிலைத்து நிற்கும் வேளாண்மை எனலாம். அதன் அடிப்படை அறங்கள் மூன்று: மண்ணைப் பேணுதல், மனிதரைப் பேணுதல், மிகுதியைப் பகிர்தல். இலாபத்துக்கு முன் அறத்தை வைத்துத் தோட்டத்தைத் தொடங்குவதே அதன் சிறப்பு.

எமது வளவுக்கு இதனை எவ்வாறு பொருத்தலாம்?

முதலாவது நீர். குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. 100 சதுர மீற்றர் கூரையில் மட்டும் 120,000 லீற்றர் நீர் விழும். நாளொன்றுக்கு 400 லீற்றர் பாவிக்கும் குடும்பத்துக்கு அது 300 நாள் நீர். முழுவதையும் பிடிக்க முடியாவிடினும், முதல் மழையைக் கழுவிப் போகவிட்டு, பின் வருவதைப் பீலியால் மூடிய தொட்டிக்கோ, கல்லும் மணலும் இட்ட குழிக்கோ விடலாம். தொட்டியை வலையால் மூடாவிட்டால் நுளம்பு பெருகும் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது மண். சருகை எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காக இட்டால் ஈரம் காக்கும், மண்புழு பெருகும். குசினிக் கழிவைக் கிடங்கில் இட்டுச் சாணத்துடன் உக்கவைக்கலாம்.

மூன்றாவது மரம். கண்டிப் பகுதி வீட்டுத்தோட்டங்களைப் போல அடுக்காக நடலாம். மேலே தென்னையும் பலாவும், நடுவே எலுமிச்சையும் மாதுளையும், கீழே வல்லாரையும் பொன்னாங்காணியும். நாளும் பறிப்பதைக் குசினிக்கு அருகிலும், எப்போதாவது பறிப்பதை அடிவளவிலும் நடுதல் வேண்டும். மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்பு நின்றால் மாலை வெயில் சுவரைச் சுடாது.

சில நியாயமான கேள்விகள்

வெங்காயமும் புகையிலையும் செய்து கடன் கட்டுபவர் உரத்தை உடனே விடமுடியுமா? முடியாது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி முற்றாகத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, விவசாயிகள் வீதிக்கு வந்தபின் நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை நாம் கண்டோம். அறத்தைச் சட்டத்தால் ஒரே நாளில் திணிக்க முடியாது. ஆனால் அளவறிந்து இடலாம், எருவைக் கூட்டி யூரியாவைக் குறைக்கலாம். தோட்டக்காரரிடம் மட்டும் பாரத்தைச் சுமத்திவிட்டு, முற்றத்தைச் சீமெந்தால் மூடுவோர் தப்பிக்கொள்வதும் அறமன்று.

வெளிநாட்டிலிருந்து வந்து வளவைத் துப்புரவாக வைக்க விரும்பும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. துப்புரவு வேறு, வெறுமை வேறு. நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வரும்போது குடிக்கும் கிணற்று நீர், மற்றைய மாதங்களில் உங்கள் பூட்டிய வளவு உறிஞ்சிய மழையாகவும் இருக்கலாம்.

ஆலயம் வழிகாட்டட்டும்

ஆலயம் என்பது ஊரவர் எல்லோருக்கும் பொதுவான வளவு. அதன் வீதி மணலாகவே இருக்கட்டும். தீர்த்தக்கேணி மாரிக்கு முன் தூர்வாரப்படட்டும். நிர்மாலியப் பூவும் இலையும் நந்தவனத்துக்கே பசளையாகட்டும். மடப்பள்ளிக்கு வேண்டிய வாழையிலையும் தேங்காயும் அடியார் வளவுகளிலிருந்து வரட்டும். விளைந்ததில் முதற்பங்கை ஆலயத்துக்கும், மிகுதியில் ஒரு பங்கை அயலவருக்கும் கொடுப்பது எமக்குப் புதிதல்லவே.

அடியேன் வீட்டு முற்றத்துச் சீமெந்திற் பாதியை இப்போது உடைத்து எடுத்தாயிற்று. அவ்விடத்தில் அறுகு முளைத்திருக்கின்றது. சென்ற மாரியில் ஒழுங்கைக்குப் போன வெள்ளம் குறைந்தது. அயல்வீட்டு அம்மாவின் கேள்விக்குப் பாதி விடை கூறியிருக்கிறேன். மீதிப் பாதி இன்னும் உடைக்கப்படவேண்டும்.

ஒரு பிடி மண்ணிலும் எழுந்தருளும் விநாயகப் பெருமான், எமது வளவு மண்ணிலும் அவரைக் காணும் கண்ணை எமக்கு அருளி, கிணறுகளெல்லாம் நன்னீராய் நிறையத் திருவருள் பாலிக்க வேண்டுமென அவர் பாதம் பணிந்து வேண்டுவோமாக.