வரப்புக்கும் செலவுண்டு

"வரப்பில் நெல் விளையுமா?" என்று நாஞ்சில் நாட்டு உழவனைக் கேட்டால் நகைப்பான். விளையாதுதான். ஆயினும், வரப்பை வெட்டி வயலோடு சேர்க்க அவன் எண்ணுவதில்லை. ஆண்டுதோறும் சேறு அணைக்கிறான்; நண்டு வளையை அடைக்கிறான்; அதற்கெனக் கூலியும் கொடுக்கிறான். வரப்பு உடைந்தால் நீர் நில்லாது. நீர் நில்லாத வயலில் நெல் ஏது?

சட்டமன்றச் செலவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நமக்கு இந்த வரப்பே நினைவுக்கு வருகிறது. "கூடிப் பேசிக் கலைவதற்கு இத்தனை கோடியா? அந்தப் பணத்தில் பள்ளி கட்டலாமே, பாலம் கட்டலாமே!" என்ற குரலை நாகர்கோவில் தேநீர்க் கடையிலும் கேட்கிறோம், கற்றறிந்தோர் கூடும் அரங்கிலும் கேட்கிறோம். ஏழையின் வரிப்பணம் வீணாகிறதே என்ற வேதனையில் பிறக்கும் குரல் அது. அதனை எள்ளி நகையாட நாம் முன்வரவில்லை. ஆனால், வசதி படைத்தோர் மட்டுமே அமரக்கூடிய மன்றம் எப்படி இருக்கும் என்பதை இந்த மண் ஒருமுறை கண்டிருக்கிறது. அதை மறந்துவிடலாகாது.

1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை, குமரி மாவட்டம் மலையாள மண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூர் மன்னராட்சியில் 1888-இல் சட்டசபை அமைந்தது. சமஸ்தானங்களிலேயே அதுதான் முதலாவது என்று பெருமை பேசுவர். 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. பெயர் பிரஜா சபை! பிரஜைகளில் எத்தனை பேருக்கு அங்கே குரல் இருந்தது? 1905-இல் வாக்குரிமை கிடைத்தபோது, ஆண்டுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுவோர், பட்டதாரிகள் போன்ற சிலருக்கே அது கிட்டியது. தோவாளையில் நாற்று நட்டவளுக்கு இல்லை. குளச்சலில் வலை இழுத்தவனுக்கு இல்லை. அவர்கள் வரி கொடுக்காத பரம்பரையா? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, கழுத்தின்மேல் தலை இருந்த குற்றத்துக்காகவே தலைவரி கட்டிய குடும்பங்கள் அவற்றுள் எத்தனை! கொடுத்தவன் வாசலுக்கு வெளியே நின்றான். கணக்குப் பார்த்தவன் உள்ளே அமர்ந்தான்.

1911-இல் அந்தச் சபைக்கு, ஒடுக்கப்பட்ட புலையர் குலத்தில் பிறந்த அய்யன்காளி நியமிக்கப்பட்டார். தேர்தலில் வென்று அல்ல, நியமனத்தால். அதே 1911-இல்தான் இங்கிலாந்தின் மக்கள் சபை உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 400 பவுன் ஊதியம் என்ற முறை வந்தது. 1838-இலேயே அந்நாட்டுச் சாசன இயக்கத்தார் வைத்த ஆறு கோரிக்கைகளுள் ஒன்று அது. ஆலைத் தொழிலாளி மன்றம் சென்றால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். ஊதியம் பெறாத உறுப்பினரைத் தியாகி என்று புகழலாம். அந்தத் தியாகத்தைச் செய்ய நிலக்கிழாருக்கன்றோ வசதி உண்டு!

பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, தாம் பிறந்த ஊர் சென்னை மாநிலத்தில் சேருமுன்பே, 1952-இல் வண்ணாரப்பேட்டை மக்களால் சென்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்பப்பட்டார். தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தவர் அவர். 50 ரூபாய் நிலவரி என்ற பழைய வாயிற்படியை அவர் தாண்டியிருப்பாரா?

ஆகவே மன்றத்துக்குச் செலவு வேண்டும். அந்தப் பணம் எவர் கையிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். பேச்சிப்பாறை நீரைக் கால்வாயில் பங்கிடும் காவலனுக்குத் தலைமடைக்காரன் ஒருவனே கூலி அளந்தால், கடைமடை வயலின் கதி என்ன? காவலன் நல்லவனாகவே இருக்கட்டும்; அவன் வீட்டில் உலை கொதிப்பது யார் தயவில்?

அரசியல் சட்டத்தை இயற்றியோர் இதனை அறியாதவர் அல்லர். உயர்நீதிமன்றத்தின் நிர்வாகச் செலவு, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் செலவு, பேரவைத் தலைவரின் ஊதியம் ஆகியவற்றை மாநிலத்தின் திரள்நிதி மீதே பொறுப்பாக்கினர். தணிக்கைத் தலைவரின் அலுவலகச் செலவு இந்தியத் திரள்நிதியைச் சேர்ந்தது. இவற்றை அவையில் விவாதிக்கலாம்; வாக்கெடுத்து வெட்ட முடியாது. குறை கண்ட தணிக்கையாளரைப் பட்டினி போட ஆளும் தரப்புக்கு வழி வைக்கவில்லை.

பின்னாளில் பிறந்த காவல் அமைப்புகளுக்கு இத்தகைய அரண் கிட்டவில்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அரசு எவ்வளவு தகும் என்று கருதுகிறதோ அவ்வளவே மானியம். 2005-இன் தகவல் உரிமைச் சட்டப்படி, தகவல் ஆணையத்துக்கு ஊழியர்களைத் தரவேண்டியது மாநில அரசு. எந்த அரசு மறைத்ததை வெளியிடச் சொல்லி ஆணையிட வேண்டுமோ, அதே அரசிடம் எழுத்தர் கேட்டு நிற்கவேண்டும்! மிரட்டவே வேண்டாம், காலியிடத்தை நிரப்பாமல் விட்டாலே போதும், மனுக்கள் அலமாரியில் உறங்கும்.

இங்கே நம் வாதத்துக்கு எதிராக நாமே ஒன்றைச் சொல்லவேண்டும். உறுப்பினர் ஊதியத்தைச் சட்டமியற்றி வகுப்பது அதே மன்றம்தான். 2017-இல் தமிழகச் சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியமும் படிகளும் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக உயர்த்தப்பட்டன. அது மிகையா, தகுமா என்பது இருக்கட்டும். தன் கூலியைத் தானே அளக்கும் எவனையும் ஊரார் ஐயத்தோடுதான் பார்ப்பர். அவ்வாறு பார்ப்பதில் தவறில்லை. பிரிட்டனில் உறுப்பினர்களின் படிகள் பற்றிய ஊழல் அம்பலமானபின், 2009-இல் சட்டம் இயற்றித் தனி ஆணையம் கண்டனர். ஊதியத்தை வகுக்கும் பொறுப்பும் அதனிடம் சென்றது. நம் மன்றத்தின் மாண்பு அதனால் குறைந்துவிடும் என்று யாரும் நமக்கு இதுவரை விளக்கியதில்லை.

தமிழக அரசின் மானியக் கோரிக்கைகளில் முதல் எண்ணே சட்டமன்றச் செலவுக்குரியது. அந்த எண் அடுத்தமுறை அவையில் படிக்கப்படும்போது, குமரி மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களில் ஒருவரேனும் எழுந்து, எங்கள் ஊதியத்தை வெளியார் வகுக்கட்டும், எங்களைக் கண்காணிப்போரின் செலவைத் திரள்நிதி மீது பொறுப்பாக்குங்கள் என்று கேட்பாரா?