இடிந்த அரங்கும் அழியாப் பொருளும்

தோன்றுதல், மறைதல், நிலைத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததே பொருள் என்பது அருகப் பெருமான் அருளிய நெறியின் அடிப்படை. இதனை நாம் ஓதுகிறோம், பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். ஆயினும் நாம் பழகிய கட்டடம் ஒன்று இடிக்கப்படும்போது உள்ளம் கலங்குகிறது. அக்கலக்கம் பற்றின் விளைவா, நன்றியின் விளைவா என்பது ஆராயத்தக்கது.

மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த தங்கம் திரையரங்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1952ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் ‘பராசக்தி’ திரைப்படத்துடன் அது தொடங்கப்பெற்றது. 2,563 இருக்கைகள் கொண்ட அவ்வரங்கு ஆசியாவிலேயே பெரியது எனப் பேசப்பட்டது. புகைவண்டி நிலையத்திற்கு அண்மையில் இருந்தமையால் திண்டுக்கல் வட்டாரத்தினரும் சென்று பார்த்துத் திரும்புவதுண்டு. பின்னர்த் தொலைக்காட்சி இல்லந்தோறும் நுழைந்தது. அத்துணைப் பெரிய கூடத்தை நிரப்புவது அரிதாயிற்று. நகரின் நடுவே இருந்த நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே சென்றது. காட்சிகள் நின்றன, கட்டடமும் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று பன்மாடி ஜவுளிக்கடை நிற்கிறது.

சமந்தபத்திராசாரியார் ஆப்த மீமாம்சையில் ஓர் உவமை கூறுகிறார். பொற்குடத்தை அழித்து மணிமுடி செய்கின்றனர். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னையே நோக்குபவன் நடுநிலையில் நிற்கிறான். தங்கம் அரங்கிற்கும் இது பொருந்தும். பழைய இரசிகர் வருந்துகின்றனர்; புத்தாடை வாங்குவோர் மகிழ்கின்றனர். ஆனால் இங்கே பொன் எது? செங்கல்லா, நிலமா? அவை இரண்டும் அல்ல என்பதே என் கருத்து.

பராசக்தியின் கதையில், கணவனையும் தந்தையையும் இழந்து, கைக்குழந்தையுடன் மதுரையில் அல்லலுறுகிறாள் கல்யாணி. அவளுக்காக ஆயிரக்கணக்கானோர் ஒரே கூடத்தில் கண்ணீர் சிந்தினர். வெளியே வந்தபின், தம் தெருவில் வாழும் ஆதரவற்ற பெண்ணொருத்திக்கு அவர்களுள் எவரேனும் உதவியிருப்பின், அவ்விரக்கம் அவ்வுயிரின் குணமாக நிலைபெற்றது. அதனை எந்த இயந்திரமும் இடிக்க இயலாது. வெறும் கண்ணீரோடு முடிந்திருப்பின், அது திரை அணைந்தபோதே அழிந்தது. கட்டடம் இருந்தும் பயனில்லை.

இழந்த இனிய பொருளையே இடைவிடாது எண்ணி வருந்துதலை ஆர்த்த தியானத்தின் ஒரு வகையாக நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். அது வினையைப் பெருக்குமேயன்றி, இழந்ததை மீட்டுத் தராது. எனினும், “எல்லாம் அழிவனதாமே” என்று கைகட்டி இருத்தல் சமதா பாவம் ஆகாது. அது சோம்பலுக்குச் சூட்டிய நற்பெயர்.

இதற்குச் சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே உண்டு. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில், இரண்டாம் வரகுண பாண்டியன் காலத்தில், கி.பி. 870இல் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைப் புதுப்பித்தார். தடையற்ற வழிபாட்டிற்கும் துறவி ஒருவரின் உணவிற்கும் 505 காணம் பொன் வைத்தார். இதனை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. பற்றைத் துறந்த முனிவர் அவர். உருவம் அழியும் என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? ஆயினும் புதுப்பித்தார். தமக்காக அன்று; பின்வருவோர் நற்காட்சி பெறுவதற்காக.

ஆகவே அளவுகோல் ஒன்றே. நம் இளமை நினைவை மட்டும் பேணும் பொருள் மறையுமாயின், நன்றியோடு விடை கொடுப்போம். பிற உயிர்களின் நல்லொழுக்கத்திற்குத் துணையாவதோ, அதனைக் காத்துப் புதுக்குவோம். இல்லறத்தார் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தமையால், சிற்றூர் ஜினாலயங்கள் சிலவற்றில் நாள்வழிபாட்டிற்கு வருவோர் குறைந்துவிட்டனர். இடிந்த திரையரங்கை எண்ணி நாம் பெருமூச்சு விடும் நேரத்தில், அங்கே ஓர் ஓடு சரிகிறது. ஒரு விளக்கு ஏற்றப்படாமல் இருக்கிறது. மறைந்ததற்கு வருந்தும் உள்ளம், இருப்பதைப் பேணுவதில் முந்துமாயின் அவ்வருத்தமும் அறமாகும். நம் குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்ப்பனவாக!