திறவாத பெட்டி

பொம்மைக் காரைப் பற்றி ஒரு கட்டுரையா, அதுவும் இந்த ஏட்டிலா என்று தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். சிந்திக்க வேண்டியவை ஆயிரம் இருக்க, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் விளையாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே என்று கேட்கவும் கூடும். கேட்கட்டும். பொருள் சிறிதுதான், அது என்னுள் எழுப்பிய வினா சிறிதன்று. ஒரு பொருளை உடையவன், உடைமை ஒன்றினாலேயே அதனை அறிந்தவன் ஆகிவிடுவானா? இதுதான் வினா.

என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். திருவையாற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியன் நான். சம்பளம் வாங்கத் தொடங்கிய நாள்முதல், மாதிரிக் கார்ப் பெட்டிகள் வாங்கும் ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. அறியாதோர்க்குச் சொல்கிறேன்: உண்மைக் காரின் 24-இல் ஒரு பங்கு அளவில், எஞ்சின், இருக்கை, கதவு, சக்கரம் என்று தனித்தனி உறுப்புகளாக, பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். நாம்தான் நறுக்கி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, வண்ணம் தீட்டவேண்டும். பசை வாங்கினேன்; தூரிகை வாங்கினேன்; வண்ணப் புட்டிகள் வாங்கினேன். பெட்டிகளும் வந்து சேர்ந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, பதினொன்று! ஒன்றையேனும் திறந்தேனா? இல்லை.

ஏன் திறக்கவில்லை? திறந்தால் மறுவிலை போகாது என்றது கணக்கு. தவறிப் பொருத்தினால் பாழாகுமே என்றது அச்சம். நல்ல ஓய்வு கிடைக்கட்டும் என்றது சோம்பல். மூன்றும் கூடி என் அலமாரியைப் பூட்டின. ஒரு பெட்டியின் விலை, எங்கள் ஊரில் சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்குப் பல நாள் கூலி. என் தாயும் நாற்று நட்டவள்தான். அந்த விலையை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் மாலை, நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு மாணவன் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். அலமாரியைக் கண்டான்.

“இதுக்குள்ளே என்ன சார் இருக்கு?”

“கார்.”

“ஓடுமா சார்?”

“ஓடாது. செய்து வைக்கலாம்.”

“செஞ்சீங்களா சார்?”

பட்டம் பெற்ற எனக்கு விடை வரவில்லை.

மறுநாள் அவன் தன் பொருளைக் கொண்டுவந்து காட்டினான். நெல் அறுவடை இயந்திரம்! அட்டையால் உடல், தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிய சக்கரங்கள், பழைய சைக்கிள் டியூபைக் கீறி அமைத்த சங்கிலிப் பட்டை, முன்புறம் தென்னை ஈர்க்குகளால் ஓர் உருளை. இழுத்தால் அந்த உருளை சுழன்றது. “இது கதிரைச் சாய்க்கும் சார். கீழே இருக்கிற பல்லு அறுக்கும். உள்ளே அடிச்சு நெல்லு வேற, வைக்கோலு வேறன்னு பிரிக்கும்” என்றான். எங்கே கற்றாய் என்றேன். சம்பா அறுவடையின்போது வரப்பில் நின்று பார்த்தானாம். “எங்கம்மா அறுப்புக்குப் போயிக்கிட்டு இருந்துச்சு. இந்த வண்டி வந்ததும் வேலை போயிடுச்சு. எப்படித்தான் அறுக்குதுன்னு பாத்தேன்” என்றான்.

தோழர்களே, அந்த ஒரு சொல்லில் நான் சிறுத்துப்போனேன். தாயின் பிழைப்பைப் பறித்த இயந்திரத்தைக் கண்டு அவன் அஞ்சவில்லை. விதி என்று வாளாவிருக்கவும் இல்லை. எப்படி என்று கேட்டான். கேட்டதைக் கையால் செய்து பார்த்தான். அந்த இயந்திரம் அவனுடையதன்று. ஆயினும் அதனை அறிந்தவன் அவன். பதினொரு கார்களும் என்னுடையவை. ஒன்றையும் நான் அறியேன்.

கோவைக்கு அருகே கலங்கலில் 1893-இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. இளைஞராக இருந்தபோது வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் துடைத்துத் துடைத்து வைத்தாரா? உறுப்பு உறுப்பாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பெரிய படிப்பில்லாத அவர், 1920-இல் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு தொழில் தொடங்கிப் பின்னர் தொழில் வல்லுநராய் உயர்ந்ததற்கு, அந்தப் பிரித்துப் பார்க்கும் குணமே வித்து.

மாதிரிக் கார் உலகிலும் இதே கதைதான். ஜப்பானின் தமியா நிறுவனம் மரத்தொழிலில் தொடங்கி மாதிரிப் பொருள்களுக்கு வந்தது. 1970-களில் போர்ஷே காரின் மாதிரியைச் செய்ய எண்ணியவர்கள், படத்தைப் பார்த்து வரைந்ததோடு நிற்கவில்லை. உண்மைக் கார் ஒன்றையே வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள். பிறர் கழற்றிப் பார்த்து உண்டாக்கிய பொருளை, நான் பிரித்துப் பார்க்கவும் அஞ்சிப் பூட்டி வைத்திருந்தேன்! நவராத்திரிக் கொலுவைக் கண்டு நகைத்தவன் நான். அந்தப் பொம்மைகளாவது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகின்றன. என் கொலு வெளியே வந்ததே இல்லை.

அப்படியானால் ஆசையே தீது, வாங்குவதே பாவம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை! ஆசையை ஒழி என்று ஏழைக்கு உபதேசித்து, தான் மட்டும் நெய்யும் பாலும் உண்டவர்களை இந்த நாடு நெடுங்காலம் கண்டிருக்கிறது. அந்தப் பாடம் நமக்கு வேண்டாம். உழைப்பவனுக்கு விளையாட்டும் உரிமை. வண்ணமும் வடிவும் உரிமை. பழம்பொருளைத் திரட்டி, அதன் வரலாற்றை ஆய்ந்து, பலரும் காண வைப்பவனையும் நான் குறைகூறேன். அவன் பூட்டி வைப்பதில்லை; காட்டுகிறான், கற்பிக்கிறான். நான் பழிப்பது பொருளையன்று. பொருளைப் பூசைக்குரியதாக்கும் மனத்தை.

‘தொடாதே, தள்ளி நின்று பார்’ என்ற சொல்லை நம் மக்கள் எத்தனை தலைமுறை கேட்டார்கள்! ஏட்டைத் தொடும் கை சேற்றைத் தொடாது. சேற்றைத் தொடும் கை ஏட்டைத் தொடக்கூடாது. இந்த ஏற்பாட்டால் அறிவு கையை இழந்தது. கை அறிவை இழந்தது. கோயில் கருவறைக்கு முன் நின்று ‘ஏன் தொடக்கூடாது’ என்று கேட்கத் தெரிந்த எனக்கு, என் அலமாரிக்குள்ளேயே ஒரு கருவறை இருப்பது தெரியவில்லை. கையால் செய்வது கீழோர் வேலை, வாங்கி வைப்பதே மேலோர்க்கு அழகு என்ற பழைய நஞ்சு, புதிய பெட்டியில் என் வீட்டுக்கு வந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு பெட்டியைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். சன்னல்களைத் திறந்துவைத்து, மாணவர்களோடு தரையில் அமர்ந்து உறையைக் கிழித்தேன். உள்ளே இருந்ததும் ஒரு போர்ஷேதான். அவன் நறுக்கினான், மற்றொருவன் தேய்த்தான், நான் பசையிட்டேன். ஒரு கதவைக் கோணலாக ஒட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாணவி ஒருத்தி, “எஞ்சினை ஏன் சார் பின்னாலே வெச்சிருக்காங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எல்லோரும் சேர்ந்து தேடிப் படித்தோம்: பாரம் பின்சக்கரங்களை அழுத்தினால், உந்தும் அந்தச் சக்கரங்களுக்குச் சாலையில் பிடி மிகும். அவ்வளவுதான் விடை. ஆனால் பதினொரு பெட்டிகளும் ஆண்டுக்கணக்கில் தராத அறிவை, திறந்த ஒரு பெட்டி ஒரு பிற்பகலில் தந்தது.

இப்போது எங்கள் வகுப்பறை மேசைமேல் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று கோணல் கதவுள்ள கார். மற்றது ஈர்க்குருளை சுழலும் அறுவடை இயந்திரம். எது உயர்ந்தது என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைக் காட்டுவேன். மிச்சம் பத்துப் பெட்டிகள் இருக்கின்றன. இனி ஒன்று வாங்குவதானால், இருப்பது அனைத்தையும் திறந்த பிறகே வாங்குவது என்று உறுதி கொண்டிருக்கிறேன். அன்று மாலை முதன்முறையாக என் தாயிடம் விலையையும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பிள்ளைங்க கத்துக்கிட்டாங்கல்ல?” என்றாள்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் திறவாத பெட்டி ஒன்று இருக்கும். காராக இருக்கலாம், படிக்காமல் அடுக்கிய நூலாக இருக்கலாம், கேள்வி கேட்காமல் ஏற்ற கொள்கையாகவும் இருக்கலாம். திறந்து பாருங்கள். கை கறைபடட்டும், கதவு கோணட்டும். கோணலாயினும் நாம் செய்தது நமது. பூட்டி வைத்தது ஒருபோதும் நமதன்று!