எடுத்த நீரும் விடுத்த நீரும்

 

அருகப் பெருமான் அருளிய இல்லற ஒழுக்கங்களுள் நம் வீடுகளில் இன்றளவும் விடாது நின்று வருவன இரண்டு. ஒன்று, கதிரவன் மறையுமுன் உண்டுவிடுதல். மற்றொன்று, நீரை வடிகட்டிப் பருகுதல். ஏனைய விரதங்களில் தளர்ந்துவிட்ட குடும்பங்களிலுங்கூடக் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டும் வழக்கம் மறையவில்லை. தாய் செய்வதைக் கண்டு மகள் செய்கிறாள். அவள் செய்வதைக் கண்டு பேத்தி செய்கிறாள். இவ்வளவு எளிதாகக் கைவந்துவிட்ட இந்நோன்பின் பொருளை நாம் முழுதும் உணர்ந்திருக்கிறோமா? சென்ற அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒன்பது வயதுச் சிறுவனாகிய எங்கள் பேரன் இவ்வினாவை நம்முன் வைத்தான். அதனை உங்கள்முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

அவ்விடுமுறையில் திருப்பூரிலிருந்து குடும்பத்துடன் இராஜஸ்தானின் தார்ப் பாலைவனப் பகுதிக்குச் சென்றிருந்தோம். பேரனுக்கு ஒட்டகத்தையும் மணற்குன்றையும் காணும் ஆசை. நமக்கோ ஜெய்சல்மேர்க் கோட்டையிலுள்ள சினாலயங்களைத் தொழும் ஆசை.

முதலில் ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லி என்னும் சிற்றூரைக் கண்டோம். 1730ஆம் ஆண்டில் அரண்மனைக் கட்டட வேலைக்காக மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, அம்ரிதா தேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டித் தழுவி நின்று உயிர் கொடுத்தார். அந்நிகழ்வில் 363 பிஷ்ணோய் மக்கள் மாண்டனர். அவர்கள் காத்த மரம் எது தெரியுமா? நம் ஊர்க் கோயில்களில் நாம் காணும் வன்னி மரமே. பிஷ்ணோய் மக்கள் சைனர் அல்லர். 1485ஆம் ஆண்டில் ஜாம்போஜி என்னும் பெரியார் வகுத்த 29 நெறிகளைப் பின்பற்றுவோர். அந்நெறிகளுள் ஒன்று, நீரையும் பாலையும் வடிகட்டியே கொள்ளவேண்டும் என்பது. விறகைக்கூடப் பூச்சி புழு இல்லாமல் உதறியே அடுப்பில் இடவேண்டும் என்பது. "நம் வீட்டுத் துணி இங்கேயும் இருக்கிறதா, பாட்டி?" என்று பேரன் வியந்தான்.

பின்னர் ஜெய்சல்மேர் அடைந்தோம். 1156ஆம் ஆண்டில் இராவல் ஜெய்சல் என்னும் மன்னரால் நிறுவப்பட்ட நகரம் அது. கோட்டைக்குள் மஞ்சட் கல்லில் இழைத்த ஆலயங்களில் பார்சுவநாதர் முதலிய தீர்த்தங்கரர்களைத் தொழுதோம். அவை சுவேதாம்பர மரபினருடையவை. நாமோ திகம்பர மரபினர். எனினும் வணங்கப்படும் அறிவர் ஒருவரே அல்லரோ? 15ஆம் நூற்றாண்டில் ஜினபத்திர சூரி என்னும் ஆசாரியர் அமைத்த சுவடிச் சாலையும் அங்குள்ளது. ஈரமற்ற பாலைக் காற்று அவ்வேடுகளைப் பல நூற்றாண்டுகளாகக் காத்து வந்துள்ளது. ஆனால் கோட்டைக்குள் குழாய்நீர் வந்து, பயன்படுத்திய நீர் சரிவர வெளியேறாமல் அடித்தளத்தில் கசிந்ததனால் மதில்கள் தளர்ந்தன என்று அங்குள்ளோர் கூறினர். நீருக்கு ஏங்கிய கோட்டைக்கே வீணாக விட்ட நீர் பகையாயிற்று.

ஜெய்சல்மேர் வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. மழைமறைவுப் பகுதி என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் கொங்கு நாட்டிலேயே அதனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெய்கிறது. அச்சிறு மழையைக் கொண்டு அம்மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? மணற்குன்றுகளுக்குச் செல்லும் வழியில் ஒரு சிற்றூரில் அதனைக் கண்டோம். வீட்டு முற்றத்தில் நிலத்தை அகழ்ந்து, சுண்ணாம்பு பூசிய தொட்டி ஒன்றை அமைத்துள்ளனர். அதற்குத் தாங்கா என்று பெயர். அதனைச் சுற்றி வட்டமான ஒரு களம், நடுவை நோக்கிச் சரிந்திருக்கிறது. மழைக்கு முன்னர் அக்களத்தைப் பெருக்கித் தூய்மை செய்கின்றனர். காலணியோடு அதில் எவரும் நடப்பதில்லை. களத்தில் விழும் மழை தொட்டிக்குள் வடிந்து பல மாதங்களுக்குக் குடிநீராகிறது. தொட்டிக்கு மூடியும் மூடிக்குப் பூட்டும் உண்டு.

அவ்வீட்டு மூதாட்டி பூட்டைத் திறந்து, துணியில் வடிகட்டி எங்களுக்கு நீர் தந்தார். பேரன் பாதி பருகி, எஞ்சியதை மணலில் கொட்டப் போனான். அந்த அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கையிலிருந்த குவளையை மெல்ல வாங்கி, ஓரத்திலிருந்த வெள்ளாட்டின் சட்டியில் ஊற்றினார். ஆடு பருகிற்று. பேரன் அதன்பின் அப்பயணம் முழுவதிலும் ஒரு துளி நீரையும் கொட்டவில்லை. ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முறைகளுள் எதுவும் அவ்வளவு விரைவில் பாடம் புகட்டியதில்லை.

திரும்பும் வழியில் நாகோடா பார்சுவநாதர் தலத்தைத் தொழுதுவிட்டு, அதற்கு அண்மையிலுள்ள பாலோத்ரா நகரின் வழியே ஜோத்பூருக்கு வந்தோம். பாலோத்ரா துணிக்குச் சாயமிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அதன் அருகே செல்வது லூணி ஆறு. மழைக்காலத்தில் மட்டும் ஓடி, கட்ச் சதுப்பு நிலத்தில் முடிவது. அவ்வூரின் சாயக்கழிவு நெடுங்காலமாக அவ்வாற்றைக் கெடுத்து வந்தது. பாலத்தைக் கடக்கையில் வறண்ட மணலின் நடுவே கருமையான நீர் ஒரு கோடாகக் கிடந்தது. வண்டியின் சன்னல் வழியே வந்த மணத்தை முகர்ந்த பேரன், "பாட்டி, இது நம் ஊர் ஆறு மாதிரியே இருக்கிறதே!" என்றான்.

சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்டான்: "நம் துணியில் வடிகட்டினால் இந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடுமா?"

ஆகாது என்றோம். பருத்தியில் சாயம் நன்கு பற்றுவதற்காக உப்பை மிகுதியாகச் சேர்க்கின்றனர். சாயம் நூலில் தங்கும், உப்பு நீரிலேயே நிற்கும். கரைந்த உப்பைத் துணியும் தடுக்காது, சாதாரணச் சுத்திகரிப்பும் தடுக்காது என்று விளக்கினோம். அவன் அடுத்த வினாவைத் தொடுத்தான்: "அப்படியானால் நம் ஊர் ஆற்றில் இதை விட்டது யார்?"

வண்டியில் எவரும் பேசவில்லை. அவன் தந்தை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'யாரோ விட்டார்கள்' என்று சொல்லிவிட வாய் எழுந்தது. ஆனால் வாய்மை நம் அணுவிரதம் அல்லவா? "நாமும் விட்டோம்" என்றோம்.

அன்பர்களே, அது மெய். எங்கள் குடும்பத்தார் 2011ஆம் ஆண்டுக்கு முன்பு ஒரு சாயப்பட்டறையில் பங்கு வைத்திருந்தனர். அதன் கழிவுநீர் எங்கே செல்கிறது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் விடை தெரிந்துவிடும் என்பதனாலேயே கேட்கவில்லை. 'ஐயம் வந்தால் கேள்' என்று ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் சொல்லி வந்த நாம் வீட்டில் வாய் திறக்கவில்லை. காலையில் எழுந்து குடிநீரைப் பக்தியோடு வடிகட்டினோம். அப்பட்டறை தந்த வருவாயில் ஒரு பகுதியைச் சினாலயத் திருப்பணிக்கும் அளித்தோம், மனம் ஆறினோம்.

ஆறு ஆறவில்லை. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காக 1992ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கரையோரக் கிணறுகள் உவர்த்தன, பயிர்கள் கருகின. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் உறுதி செய்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் சவ்வூடு பரவல் முறையால் நீரைப் பிரித்து மீண்டும் சாயமிடவே பயன்படுத்துவதும், எஞ்சியதை ஆவியாக்கி உப்பை எடுப்பதும் வழக்கத்திற்கு வந்தன. இயலாது என்று நாம் சொன்னது, கட்டாயம் வந்தபின் இயன்றது.

இனி நம் அறநூல்கள் கூறுவதைக் காண்போம். இம்சையை நான்காகப் பகுப்பர். வேண்டுமென்றே செய்வது சங்கல்ப இம்சை; சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்ப இம்சை; பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்யோக இம்சை; தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் அறவே விடவேண்டும், ஏனையவற்றைக் குறைத்துக்கொள்ளவேண்டும். 'தொழிலில் நேர்வது தவிர்க்க இயலாதது' என்று அன்று நாம் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். தவிர்க்க இயலாததற்கே அவ்விலக்கு உரியது. தவிர்க்கும் வழி தெரிந்திருந்தும் செலவு மிகும் என்று விடுவது எப்படித் தவிர்க்க இயலாததாகும்?

மேலும், அனர்த்த தண்ட விரதம் என ஒன்றுண்டு. பயனின்றிப் பிற உயிர்களைத் துன்புறுத்தாமையே அது. அத்துன்பம் ஐவகைப்படும் என்றும், அவற்றுள் ஒன்று பிரமாத சரியை, அதாவது கவனமின்றி நடத்தல் என்றும் சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் உரைத்தார். வீணே மண்ணை அகழ்தல், வீணே நீரைக் கொட்டுதல், வீணே தீ மூட்டல், வீணே மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவை அதில் அடங்கும். நீரில் வாழும் புழு மட்டுமன்று, நீரே ஓரறிவுயிர் என்பது நம் கொள்கை. குவளை நீரைக் கொட்டுவதே குற்றமாயின், ஓர் ஆற்றையே உப்பாக்கியது என்னாகும்?

வடிகட்டும் நோன்பில் நாம் மறந்துவிட்ட பாதி ஒன்றுண்டு. நம் மூதாட்டியர் நீரை வடிகட்டியதோடு நின்றதில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, அத்துணியின் மறுபுறத்தில் நல்ல நீர் ஊற்றி அலசி, எந்தக் கிணற்றில் எடுத்தார்களோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல இறக்கி விட்டனர். ஒரு கிணற்று உயிர் மறு கிணற்றில் வாழாது என்று அஞ்சினர். எடுப்பது பாதி நோன்பு. எடுத்த இடத்திற்குத் தீங்கின்றித் திருப்புவது மறு பாதி. குழாய்நீர் வந்தபின் முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். நம் வாய்க்குள் போகும் நீரைக் காத்தோம். நம் வாசலிலிருந்து போகும் நீரை மறந்தோம்.

ஊர் திரும்பியபின் எங்கள் மகன், தம் பனியன் துணிக்குச் சாயமேற்றித் தரும் பட்டறைகள் ஒவ்வொன்றுக்கும் சென்று, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டார். ஓரிடத்தில் நேரான விடை கிடைக்கவில்லை. கூலி குறைவு என்பதற்காகவே பல ஆண்டுகளாக நாடிய பட்டறை அது. அதனை நிறுத்திவிட்டார். கிலோவுக்குக் கூலி கூடிற்று. ஓர் ஒப்பந்தம் கைநழுவிற்று. அது எங்களுக்கு இழப்பே, இல்லையென்று சொல்லமாட்டோம். ஆயினும் பிரதிக்கிரமணம் என்பது செய்த பிழையை வாயால் சொல்வதோடு முடிவதன்று. அப்பிழையிலிருந்து மீள்வது அன்றோ?

ஆதலின் சிராவகப் பெருமக்களே! தொழில் செய்வோர், 'எவ்வளவு கூலி?' என்று கேட்குமுன் 'நீர் எங்கே போகிறது?' என்று கேளுங்கள். இல்லத்தரசியர், வடிகட்டும்போதே குழந்தைகளை அருகழைத்து அதன் இரு பாதிகளையும் சொல்லிக்கொடுங்கள். கொடை அளிப்போர், கொடுக்கும் பொருள் வந்த வழியையும் எண்ணிப் பாருங்கள்; தீதாக வந்த பொருளைத் திருப்பணி தூய்மையாக்காது என்பதனை நாம் காலந்தாழ்ந்தே அறிந்தோம். குழந்தைகள் வினவினால் உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் அதனைத் தாங்குவார்கள்.

எங்கள் பேரன் இப்பொழுது பள்ளிக்குச் செல்லும் வழியில் நொய்யல் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தச் சொல்லி நீரின் நிறத்தைப் பார்க்கிறான். மாலையில் வந்து, "இன்று பரவாயில்லை, பாட்டி" என்றோ, "இன்று நுரை மிதக்கிறது" என்றோ சொல்கிறான். அவன் சொல்லும் நாள்தோறும் நாம் கைகூப்பி, அறியாதும் அறிந்தும் துன்புறுத்திய உயிர்கள் அனைத்திடமும் பொறுத்தருள வேண்டுகிறோம்.

எல்லா உயிரும் இன்புறுக! அருகன் அறம் ஓங்குக!