பல்லும் கல்லும்

பேத்திக்கு அப்போது ஆறு வயது. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "ஆச்சி, பல்லு!" என்றாள். என் காதில் விழுந்தது "கல்லு". "அத எதுக்குட்டி உள்ள கொண்டு வந்தே? தெருவுல வீசிட்டு வா" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். பிள்ளை சொல் தட்டாமல் போய் வீசிவிட்டாள். அவளுக்கு விழுந்த முதல் பல். சாணியில் பொதிந்து கூரைமேல் எறியவேண்டும் என்று அவள் அம்மா சொல்லிவைத்திருந்த பல். தேம்பிக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. இருட்டும்வரை இருவரும் தெருப்புழுதியைத் துழாவினோம். கிடைக்கவில்லை.

மறுவாரம் காதைச் சோதித்துக்கொண்டேன். கண்ணாடி வைத்த சிறிய அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் கோடு இடப்பக்கம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. 250 ஹெர்ட்ஸில் 25 டெசிபல். 2000-ஐத் தாண்டியதும் மளமளவென்று சரிந்து, 4000-இல் 65-க்குப் போய்விட்டது. சோதித்த பெண் பொறுமையாக விளக்கினாள். உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 15,000 மயிரிழை செல்கள். உச்ச ஒலிகளை வாங்குபவை குழலின் வாசலிலேயே இருக்கின்றன. முதுமையில் முதலில் பட்டுப்போவதும் அவைதாம். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. பேச்சில் அ, ஆ, ஓ போன்றவை தாழ்ந்த ஒலிகள், தப்பிவிடும். க, ச, த, ப இவற்றைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் மேலே இருக்கின்றன, அவை நழுவிவிடும்.

முப்பத்து மூன்று ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. உயிரெழுத்து கேட்கிறது, மெய்யெழுத்து கேட்கவில்லை! மார்பிலிருந்து பிறப்பது என்று நன்னூல் சொல்லும் வல்லினம், பிள்ளைகளிடம் 'வலிய ஓசை' என்று நான் ஓங்கிச் சொல்லிக்கொடுத்த வல்லினம், அதுதான் முதலில் போயிருக்கிறது. அதனால்தான் நான்கு ஆண்டுகளாக எல்லோரிடமும், "சத்தம் கேக்கு, சொல்லு விளங்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நான்கு ஆண்டும் நான் ஏன் சும்மா இருந்தேன் என்பதைச் சொல்லியாகவேண்டும். ஞாயிறுதோறும் எங்கள் தெருவில் சிவஞானபோத வகுப்பு நடக்கும். அங்கே ஒரு பெரியவர், "வெளிக்காது அடைத்தால் உட்காது திறக்கும் தாயி. வினை ஊட்டுவதை நாம் ஏன் தடுக்கணும்?" என்றார். எனக்கு அது இதமாக இருந்தது. காதுக்குள் இரவுபகலாக ரீங்கரித்த இரைச்சலை, யோகிகள் கேட்கும் நாதம் என்றே நம்பப் பார்த்தேன். உள்ளே வரும் ஒலி குறைந்ததும் மூளை தானாகவே எழுப்பிக்கொள்ளும் ஓசை அது என்று பிறகு தெரிந்தது. பற்று விட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேனே, உண்மையில் என்ன நடந்தது? மகனும் மருமகளும் தாழ்ந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று மனம் குமைந்தது. கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரித்து வைத்தேன், எதற்கென்று தெரியாமல். கேட்க முடிந்தவர் கேளாமல் அடங்கியிருப்பது மௌனம். எனக்கு வாய்த்தது அடைப்பு.

அந்தப் பெரியவரிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் சைவ சித்தாந்தமே அவர் பக்கம் நிற்கவில்லை. உடல், அகக்கருவி, உலகம், நுகர்பொருள் என்னும் தனு, கரணம், புவனம், போகம் நான்கையும் இறைவன் உயிருக்குக் கொடுத்தது தண்டனையாக அல்ல. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் கருவி இல்லாமல் எதையும் அறியாது என்பதற்காக, இரங்கிக் கொடுத்தான். உமாபதி சிவம் திருவருட்பயனில் இந்த உடலை விடியும்மட்டும் உதவும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். விளக்கு சூரியன் ஆகாது என்பதற்காக இரவில் அதை யாராவது ஊதி அணைப்பார்களா? திரி கருகினால் திரியை மாற்றுவோம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதானே அந்தப் பெரியவரும் சூத்திரம் படிக்கிறார்! கண்ணுக்கு வினை குறுக்கே வரவில்லை, காதுக்கு மட்டும் வருமா? கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த மொழியில், காதுக் கருவி மாட்டுவதற்கு இத்தனை வெட்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. தொடுகை, சுவை, மூக்கு, கண், ஐந்தாவதாகச் செவி, ஆறாவதாக மனம். செவிக்கு அடுத்த வாசல் மனம். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, முதுமை மறதி நோய்க்கு இட்டுச்செல்லும், ஆனால் நாம் மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் கேள்திறன் குறைவும் ஒன்று. கேளாதவர் பேச்சைக் குறைக்கிறார், ஆட்களைத் தவிர்க்கிறார், மனம் பட்டினி கிடக்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டிய தேவை இருக்கவில்லை.

கருவி வாங்கிய முதல் நாள் அழுகைதான் வந்தது. என் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தது, பாத்திரச் சத்தம் மண்டையில் இடித்தது. பழைய கருவிகள்போல் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டுவதில்லை இது. என் வரைபடம் எங்கே சரிகிறதோ அங்கே மட்டும் தூக்கிக் கொடுக்கிறது. ஆனாலும் மூளை பழகச் சில வாரங்கள் ஆயின. பட்டுப்போன செல்லை இது உயிர்ப்பிக்காது, கூட்டத்தில் இன்னும் திணறத்தான் செய்கிறேன். பேட்டரி பயறு அளவுதான். மேலே ஒட்டிய பழுப்புத் தாளை உரித்து ஒரு நிமிடம் வைத்திருக்கவேண்டும். நுண்துளை வழியே காற்று உள்ளே போனால்தான் அதற்கு உயிர் வரும். ஒவ்வொரு வாரமும் உள்ளங்கையில் வைத்து அந்த ஒரு நிமிடம் காத்திருக்கிறேன்.

இரவில் இரு காதுக் கருவிகளையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, உருத்திராக்கத்தை எடுத்து ஐந்தெழுத்து சொல்ல உட்காருவேன். அந்த அமைதி இப்போது நானே எடுத்துக்கொள்வது. நேற்று பாதி மாலை உருட்டியிருப்பேன், பேத்தி வந்து தோளைத் தொட்டாள். வாய் அசைந்தது. மாலையைக் கீழே வைத்துவிட்டு, வலப்பக்கக் கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "இப்போ சொல்லுட்டி" என்றேன்.