பயனில் உயிர் உண்டோ?

வயலில் வாழும் சிற்றுயிர்களை உழவர் பயிர்க்குப் பகை, நட்பு, இரண்டுமல்லாத நொதுமல் என மூன்றாகப் பகுத்துக் காண்பர். பகையை ஒறுத்தலும் நட்பைப் பேணுதலும் எளிதின் விளங்கும். நன்மையும் தீமையும் செய்யாதனவாகத் தோன்றும் நொதுமல் உயிர்கள் அழியின் இழப்பு யாது? இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

இதற்குச் சாவகத் தீவின் நெல்வயல்கள் தக்க சான்றாகும். இந்தோனேசிய அரசினர் நெல்விளைவைப் பெருக்கக் கருதிப் பூச்சிமருந்துகளைத் தம் பொருளுதவியால் மிகக் குறைந்த விலைக்கு உழவர்க்குக் கிடைக்கச் செய்தனர். மருந்து மிகுந்தும் புகையான் என்னும் பூச்சி ஒழிந்திலது. 1970ஆம் ஆண்டுகளிலும், மீண்டும் 1986ஐ ஒட்டியும், பெருகி வயல்களைக் கருக்கிற்று. என்னை? புகையானின் முட்டைகள் இலையுறையினுள் மறைந்திருத்தலின் மருந்துக்குத் தப்பின. அதனை உண்ணும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் வெளியே திரிதலின் மடிந்தன. காவலர் மாண்ட ஊரிற் கள்வர் பெருகியதை ஒக்கும் இது.

1986ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வரசு 57 மருந்துகளை நெற்பயிருக்கு ஆகாவென விலக்கிற்று; 1989இல் பொருளுதவியையும் நிறுத்திற்று. காவலுயிர்கள் மீண்டன, நெல்விளைவும் குன்றிற்றில்லை.

அஃதாக, புகையான் வருமுன் சிலந்திகள் எதனை உண்டு வாழ்ந்தன? சாவகத்து வயல்களை ஆராய்ந்து 1996இல் வெளியிடப்பெற்ற நூற்கட்டுரை ஒன்று இதனை விளக்கிற்று. சேற்றில் அழுகும் வைக்கோலையும் நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் உண்டு வளரும் சிறு பூச்சிகளே நடவுக்காலத்தில் அவற்றிற்கு இரையாயின. அவற்றால் முன்னரே பல்கிய சிலந்திகள், புகையான் வரும்போது அதனை எதிர்கொண்டன. எனவே, நட்பைத் தாங்கி நின்றது நொதுமலே என்பது பெறப்பட்டது.

அற்றேல், நொதுமலும் பயனுடையதென்று காட்டினீர். பயன் பற்றிக் காப்பது வாணிகமன்றி அறமாமோ எனின், கூறுதும். ஓருயிரின் பயன் இத்துணையென வரையறுக்கும் அளவுகோல் நம்மிடம் இல்லை என்பதே இவ்வரலாற்றால் யாம் அறிவது. ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் உயிர்த்தொகுதியில் ஒன்றைப் பயனிலி என்று தீர்ப்பளிப்பவன், தான் காணாத சார்புகளையும் சேர்த்து அறுக்கின்றான். அறியாதது பற்றி அடங்கியிருத்தல் அறத்தின் முதற்படியாகும்.

ஏர் உழினும் உயிர் மடியும். கொலை சிறிதுமின்றி வேளாண்மை இயலாது. ஆயினும் வயலுள் இறங்கி, பகை எத்துணை, காவல் எத்துணை என எண்ணியறிந்து, வேறு வழி இல்லாதவிடத்து ஒறுத்தல் ஒன்று. பகை வருமுன்னரே அச்சத்தால் அனைத்தையும் மாய்த்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு தன்மையன அல்ல. 1989 முதல் அந்நாட்டு உழவர்க்கு வயலையே பள்ளியாகக் கொண்டு கற்பிக்கப்பட்டது முன்னதாகிய இவ்வழியே.

பின்னர் மருந்து மீண்டும் மலிய, 2010, 2011ஆம் ஆண்டுகளிற் புகையானும் மீண்டும் பெருகிற்று. அறுந்த சார்பு நாம் கையை விலக்கின் கூடும். கையை நீட்டின் மறுபடியும் அறும். ஆதலின், ஒருகால் அடங்கியமை என்றைக்கும் போதுவதன்று. விதைப்புதோறும் அவ்வடக்கத்தைப் புதிதாக மேற்கொள்ளல் உழவர்க்கும், அவர் விளைவை உண்ணும் நமக்கும் கடன் என்பதே எமது துணிபு.